ஆக்சஸை நிறுத்தப்போகிறார்கள் என்று வாடிக்கையாளரைப் பயமுறுத்துகிறார்கள், என்ன பதில் சொல்வது?

கேள்வி:
ஒரு நெல் மண்டிக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பில்லிங், இருப்புக் கணக்கு எல்லாம் செய்து கொடுத்துப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் கிளவுட் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி வந்து, ஆக்சஸ் கதை முடிந்தது, அடுத்த வருஷம் உங்கள் ஃபைல் திறக்கவே திறக்காது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். அவர் பயந்துபோய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். நான் மறுத்தால் என் பிழைப்புக்காகப் பேசுவதாக நினைக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில் 1:
மொத்தமும் பொய் என்று சொல்லிவிடாதீர்கள் சார், பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இது எடுபடுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயின்ட் ஆன்லைன் என்ற இணையச் சேவையில் ஓடிய ஆக்சஸ் வெப் ஆப்களை 2018 ஏப்ரலில் நிஜமாகவே மூடினார்கள். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது, அவற்றோடு வந்த ஆக்சஸுக்கும்தான். ஆனால் ஆதரவு முடிந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, ஃபைல் திறக்காமல் போகாது. சந்தா கட்டி வாங்கும் மைக்ரோசாஃப்ட் 365-இல் ஆக்சஸ் இருக்கிறது, ஒரே தடவையாக வாங்கும் ஆபீஸ் எல்டிஎஸ்சி 2024-க்கு 2029 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. அப்புறம், விண்டோஸிலிருந்து விபிஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியை எடுக்கப்போவதாக 2023-இல் அறிவித்ததைக் கேட்டுவிட்டு, ஆக்சஸுக்குள் நாம் நிரல் எழுதும் விபிஏவும் போகிறது என்று சிலர் பரப்புகிறார்கள். இரண்டும் வேறு.

பதில் 2:
அந்தப் பிரதிநிதியோடு நேரில் வாதாட வேண்டாம். எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, மைக்ரோசாஃப்ட்டின் எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்று முதலாளியின் பெயரிலேயே ஒரு மெயில் போகட்டும். வாயால் அடித்துவிடுபவர்கள் எழுத்தில் கேட்டால் இழுத்தடிப்பார்கள், அதை முதலாளி தன் கண்ணால் பார்த்தால் போதும்.

பதில் 3:
எழுத்தில் இருப்பதையும் ஓரளவுதான் நம்பலாம். சர்வர்களில் ஓடும் சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி சர்வர்களை மாற்றியவர்களிடம், 2021 கடைசியோடு சரி என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். விண்டோஸ் 10 தான் கடைசி விண்டோஸ் என்று 2015-இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே மேடையில் சொன்னார், 2021-இல் 11 வந்தது. அதனால் ஆக்சஸ் என்றைக்கும் இருக்கும் என்று நீங்களும் வாக்குக் கொடுக்காதீர்கள். கணக்கு விவரம் இருக்கும் டேபிள்களை மட்டும் மைக்ரோசாஃப்ட்டின் இன்னொரு தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றிவிடுங்கள், அது இலவசம், பதிவு போடும் திரைகளான ஃபார்ம்கள் ஆக்சஸிலேயே இருக்கட்டும். நாளைக்கு எங்கே போவதானாலும் கணக்கு பத்திரமாகக் கூட வரும்.

கேள்வி கேட்டவர்:
மண்டியில் ஓடுவது 2016 தான். அதை முதலில் நானே முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன், மெயிலும் இன்றைக்கே போகும். அந்த ஒப்பந்தத்தில், விலகினால் கணக்கை எந்த வடிவத்தில் திருப்பித் தருவார்கள் என்பதையும் கேட்கச் சொல்கிறேன்.