சிகாகோ குக் கவுண்டில அரசியல்வாதிங்க கல்லறை எங்கெங்க இருக்கு? அப்பாவ கூட்டிட்டு போகணும்

ஏரிக்காத்து:

வணக்கம் மக்களே. அடுத்த வாரம் அப்பா அம்மா ஊர்ல இருந்து வர்றாங்க, ரெண்டு மாசம் இருப்பாங்க. அப்பா கோயம்புத்தூர்ல மில்லுல முப்பது வருஷம் வேலை பாத்தவரு, யூனியன்லயும் இருந்தவரு. போன தடவை வந்தப்ப வில்லிஸ் டவர், பீன், நேவி பியர்னு எல்லாம் காட்டியாச்சு, ஒண்ணுலயும் அவருக்கு மனசு ஒட்டல. இந்த தடவை போன்லயே சொல்லிட்டாரு, "கண்ணு, அந்த ஊரை ஆண்டவங்கள எங்க பொதைச்சிருக்காங்கன்னு காட்டு, எனக்கு அது போதும்"னு.

தேடிப் பாத்தா குக் கவுண்டில (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி, சிகாகோ இதுல தான் இருக்கு) மட்டும் மேயர், கவர்னர், செனட்டர், ஜட்ஜுன்னு வெறும் பேரும் பதவியுமா நூத்துக்கணக்குல வருது. எந்த செமட்ரிக்கு போனா உருப்படியா பாக்கலாம், யாரோட கதை கேக்குற மாதிரி இருக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. அம்மாக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. கல்லறைக்கு போயிட்டு வந்தா உடனே தலை முழுகணும்னு வேற இப்பவே சொல்லிட்டாங்க, அதனால வீட்டுக்கு திரும்புற நேரத்தையும் யோசிக்கணும்.

பழைய_ரயில்:

ஒரே நாள்ல எல்லாத்தயும் பாக்கணும்னு நினைக்காதீங்க, அம்பது லட்சம் பேருக்கு மேல இருக்கிற கவுண்டி இது, ஒவ்வொரு செமட்ரியும் ஒரு மூலையில இருக்கு. அப்பா யூனியன்காரர்னு சொன்னீங்க பாருங்க, அப்ப முதல் நாள் ஃபாரஸ்ட் ஹோம் செமட்ரி தான், வேற யோசனையே வேண்டாம். ப்ளூ லைன் கடைசி ஸ்டேஷன் ஃபாரஸ்ட் பார்க், அங்க இருந்து பக்கம்.

அங்க இருக்கிறவங்க பதவில இருந்தவங்க இல்ல, ஆனா இந்த ஊர் அரசியல் புரியணும்னா அவங்க கிட்ட இருந்து தான் ஆரம்பிக்கணும். எட்டு மணி நேர வேலைக்காக 1886-ல நடந்த போராட்டம், மே 4 ராத்திரி ஹேமார்க்கெட் கூட்டத்துல யாரோ குண்டு வீசிட்டாங்க, வீசுனது யாருன்னு கடைசி வரைக்கும் நிரூபிக்கவே இல்ல, ஆனா எட்டு பேரை குற்றவாளின்னு சொல்லி 1887 நவம்பர் 11-ம் தேதி பார்சன்ஸ், ஸ்பைஸ், ஃபிஷர், எங்கல்னு நாலு பேரை தூக்குல போட்டாங்க, லிங்குன்னு ஒருத்தர் முந்தின நாளே ஜெயில்ல செத்துட்டாரு. இவங்கள பொதைச்ச இடத்துல ஒரு நினைவுச்சின்னம் இருக்கு, முக்காடு போட்ட ஒரு பொண்ணு, கீழ விழுந்து கிடக்கிற தொழிலாளி தலையில இலைக் கிரீடம் வைக்கிற மாதிரி வெண்கல சிலை. அடியில ஸ்பைஸ் தூக்கு மேடையில சொன்னது வெட்டியிருக்கும்: இன்னைக்கு நீங்க நெரிக்கிற குரலை விட எங்க மௌனம் பலமா பேசுற நாள் வரும்னு.

அந்த சிலைய திறந்தது 1893 ஜூன் 25. மறுநாள் ஜூன் 26, இல்லினாய் கவர்னர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட், ஜெயில்ல மிச்சம் இருந்த மூணு பேருக்கும் மன்னிப்பு குடுத்து வெளிய விட்டாரு. சும்மா இரக்கப்பட்டு விடல, விசாரணையே நியாயமா நடக்கலன்னு பக்கம் பக்கமா எழுதி கையெழுத்து போட்டாரு. பத்திரிகைங்க எல்லாம் கிழிச்சு தொங்க விட்டாங்க, 1896 தேர்தல்ல தோத்தாரு, அதுக்கப்புறம் எந்த பதவியும் கிடைக்கல, 1902-ல செத்துட்டாரு. அவரு இருக்கிறது கிரேஸ்லாண்ட் செமட்ரில, ரெட் லைன் ஷெரிடன் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கலாம். அதே கிரேஸ்லாண்ட்ல தான் அஞ்சு தடவை மேயரா இருந்த கார்ட்டர் ஹாரிசன் இருக்காரு. 1893 உலகக் கண்காட்சி முடிய ரெண்டே நாள் இருக்கும்போது வீட்டுக்கே வந்து ஒருத்தன் சுட்டுட்டான். வட மாநிலத்துல இருந்து காங்கிரஸுக்கு போன முதல் கறுப்பினத்தவர் ஆஸ்கர் டி பிரீஸ்ட்டும் அங்க தான். ஆபீஸ்ல மேப் கேட்டு வாங்கிக்கோங்க, இல்லன்னா மரத்துக்கு மரம் சுத்த வேண்டி வரும், அம்மாக்கு கஷ்டம்.

தெற்குப்பக்கம்:

நான் ஹைட் பார்க்ல இருக்கேன், அதனால ஓக் வுட்ஸ் செமட்ரிய சொல்லாம இருக்க முடியாது. 67-வது தெரு. சிகாகோவோட முதல் கறுப்பின மேயர் ஹரால்ட் வாஷிங்டன் அங்க தான் இருக்காரு. 1983-ல ஜெயிச்சாரு, 1987-ல மறுபடி ஜெயிச்சு ஏழே மாசம், நவம்பர் 25-ம் தேதி சிட்டி ஹால்ல தன்னோட ஆபீஸ்லயே சரிஞ்சிட்டாரு. எங்க ஏரியால பெரியவங்க இன்னைக்கும் அவர "ஹரால்ட்"னு தான் சொல்லுவாங்க, வீட்டு ஆள் மாதிரி.

அதே காம்பவுண்டுல தான் பிக் பில் தாம்ப்சன், சிகாகோவுக்கு இருந்த கடைசி ரிபப்ளிகன் மேயர், அவரு செத்தப்புறம் லாக்கர்ல 15 லட்சம் டாலருக்கு மேல ரொக்கமா கிடைச்சது. 1944-ல அது எவ்வளவு பெரிய காசுன்னு யோசிங்க.

இன்னொன்னு சொல்லணும், இது எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்ச அடைக்கும். கேம்ப் டக்ளஸ்னு உள்நாட்டுப் போர் சமயத்துல இங்க ஒரு கைதி முகாம் இருந்துச்சு, அங்க நோய்லயும் குளிர்லயும் செத்த தென் மாநில சிப்பாய்ங்க நாலாயிரம் பேருக்கு மேல ஓக் வுட்ஸ்ல ஒரே மேட்டுக்கு அடியில கிடக்காங்க. 1895-ல அதுக்கு தூண் திறந்தப்ப ஜனாதிபதி கிளீவ்லாண்டே வந்தாரு. அடிமையா பொறந்து, கறுப்பினத்தவர கும்பலா சேந்து அடிச்சுக் கொல்றத எதிர்த்து வாழ்நாள் பூரா எழுதுன ஐடா பி. வெல்ஸும் அதே செமட்ரில தான். 1930-ல மாநில செனட்டுக்கு நின்னு தோத்தாங்க, மறு வருஷம் இறந்துட்டாங்க. அவங்களும் வீட்டுக்காரரும் ஒரே கல்லுல, "நீதிக்காகப் போராடியவர்கள்"னு பொறிச்சிருக்கும். கார்ல உள்ளயே போகலாம், நடை கம்மி.

குளிர்தாங்கி:

லிங்கன் கல்லறையும் பக்கம் தானே, அதையும் சேத்துக்கலாமே?

பழைய_ரயில்:

இல்லங்க, அது ஸ்பிரிங்ஃபீல்ட்ல, வேற கவுண்டி, கார்ல மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். லிங்கனை எதிர்த்து நின்ன ஸ்டீபன் டக்ளஸ் தான் சிகாகோல, 35-வது தெருல ஏரிப் பக்கம் உயரமான தூணுக்கு மேல சிலையா நிக்கிறாரு. தெற்குப்பக்கம் சொன்ன கைதி முகாமுக்கு அவரு பேரு தான் வச்சாங்க.

மூணாவது_மாடி:

டேலிய விட்டுட்டீங்களே எல்லாரும்! 1955-ல இருந்து 1976-ல சாகுற வரைக்கும் மேயர், வார்டு வார்டா ஆள் வச்சு கட்சிய நடத்துனவரு. ஆல்சிப்ல ஹோலி செபல்கர் செமட்ரில இருக்காரு. அவரு கட்டுன அந்த அமைப்பை தோக்கடிச்சு 1979-ல ஜெயிச்ச முதல் பெண் மேயர் ஜேன் பர்ன், எவன்ஸ்டன்ல கேல்வரி செமட்ரில. ரோட்டுக்கு அந்தப் பக்கமே ஏரி, அம்மாக்கு கட்டாயம் பிடிக்கும்.

ஆனா ஒரே ஒருத்தர தான் காட்ட முடியும்னா நான் ஆன்டன் செர்மாக்க காட்டுவேன். போஹீமியன் நேஷனல் செமட்ரி, ஃபாஸ்டர் - புலாஸ்கி பக்கம். இப்ப செக் நாடா இருக்கிற இடத்துல 1873-ல பொறந்து கைக்குழந்தையா இங்க வந்தவரு. 1931 தேர்தல்ல அந்த தாம்ப்சன் இவரு பேரையே வச்சு கேலி பண்ணாரு. அதுக்கு செர்மாக், மேஃப்ளவர் கப்பல்ல (ஆரம்ப காலத்துல இங்கிலாந்துல இருந்து குடியேறுனவங்க வந்த கப்பல்) நான் வரல, ஆனா எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வந்துட்டேன்னு சொன்னாரு, ஜெயிச்சும் காட்டுனாரு. 1933 பிப்ரவரில மியாமில, ஜனாதிபதியா பதவியேக்க இருந்த ரூஸ்வெல்ட்ட குறி வச்சு சுட்டதுல இவரு மேல பட்டு மார்ச் 6-ம் தேதி இறந்துட்டாரு. நம்ம பேரை ஆபீஸ்ல தினம் ஒருத்தன் தப்பா சொல்றத கேட்டுட்டு இருக்கிற நமக்கு அந்த பதில் எவ்வளவு ஆறுதல்னு அங்க நின்னா தெரியும்.

ஏரிக்காத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ஃபாரஸ்ட் ஹோம் போயிட்டு வந்தோம். சிலை முன்னாடி யாரோ சிவப்பு பூ வச்சிருந்தாங்க, கூடவே கொஞ்சம் சில்லறை காசு. அப்பா செருப்ப கழட்டிட்டு தான் கிட்ட போனாரு, நான் வேண்டாம்னு சொல்லல. 1923-ல சிங்காரவேலர் சென்னை கடற்கரையில மே தினம் கொண்டாடுனாரே, அது இவங்களுக்காகத் தான்னு அம்மாக்கு சொல்லிட்டு இருந்தாரு, அம்மா முட்டி வலிய மறந்து நின்னு கேட்டாங்க.

அப்புறம் பின்பக்கம் போனா ஆல்ட்கெல்ட் எழுதுனதுல ஒரு பகுதிய வெண்கலத் தகட்டுல போட்டிருக்கு. என்னை ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லச் சொல்லி கேட்டாரு. முடிச்சதும் தகட்ட கையால ஒரு தடவை தடவிட்டு, "இதுல கையெழுத்து போட்டவரு இருக்கிற இடம் தூரமா கண்ணு?"ன்னாரு. சனிக்கிழமை காலையில கிரேஸ்லாண்ட் போறோம். பூ எந்தக் கடையில வாங்கலாம்னு ஷெரிடன் பக்கம் இருக்கிறவங்க யாராவது சொல்லுங்க.