புல்தரை டென்னிஸில் அதிகம் சாதித்தவர் யார்? எதை வைத்துக் கணக்கிடுவது?

ஒழுகினசேரி வாசகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையின் அறிவிப்புப் பலகையில் மாதம் ஒரு விளையாட்டுக் கட்டுரை எழுதி ஒட்டுவது என் பொறுப்பு. விம்பிள்டன் காலம் என்பதால், இம்முறை புல்தரையில் மிக அதிகமாக வென்ற டென்னிஸ் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதத் தொடங்கி, முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

ஆண்கள் ஒற்றையரில் ரோஜர் ஃபெடரர் 8 முறை, பீட் சாம்ப்ராஸும் நோவாக் ஜோகோவிச்சும் தலா 7 முறை விம்பிள்டனை வென்றிருக்கிறார்கள். இந்த வரிசையிலேயே எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வாசகசாலைக்கு நாள்தோறும் வரும் பெரியவர் ஒருவர், 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்று, 26 வயதில் ஓய்வு பெற்றுவிட்ட பியான் போர்க்கை வெறும் எண்ணிக்கையைக் காட்டிக் கீழே இறக்குவது நியாயமா என்று கேட்கிறார். 1980 இறுதிப் போட்டியை வானொலியில் கேட்டவர் அவர். கல்லூரி மாணவர்களோ, 2014, 2015, 2019 ஆகிய மூன்று விம்பிள்டன் இறுதிகளிலும் ஃபெடரரை நேருக்கு நேர் தோற்கடித்தவர் ஜோகோவிச் என்பதால் அவரையே முதலில் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

விம்பிள்டன் பட்டங்களின் எண்ணிக்கை மட்டும் போதுமா? வேறு அளவுகோல் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவேன்.

தக்கலை பழைய ஆட்டக்காரர்:

அண்ணாச்சி, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இன்று புல்தரை என்றால் விம்பிள்டன் என்றாகிவிட்டது. முன்பு அப்படி இல்லை. அமெரிக்க ஓபன் 1974 வரையிலும், ஆஸ்திரேலிய ஓபன் 1987 வரையிலும் புல்தரையில்தான் நடந்தன. கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் மூன்று புல்லில் நடந்த காலத்தில் ஆடியவர்களையும், ஆண்டுக்கு ஒன்றே ஒன்று புல்லில் நடக்கும் காலத்தில் ஆடியவர்களையும் ஒரே தராசில் வைக்கும்போது இதை மறக்கக் கூடாது. ராட் லேவர் வென்ற 11 பெரும் ஒற்றையர் பட்டங்களில் 9 புல்தரையில் வந்தவை. ராய் எமர்சனுக்கு 12-இல் 10. ஜிம்மி கானர்ஸ் 1974-ஆம் ஆண்டு ஒன்றிலேயே மூன்று பட்டங்களைப் புல்லில் வென்றார். ஆகவே பெரும் பட்டங்களை மட்டும் எண்ணினால் எமர்சன் ஃபெடரருக்கு முன்னால் வந்துவிடுவார். ஆனால் அவருக்குக் கிடைத்த வாய்ப்பு ஃபெடரருக்குக் கிடைத்ததைப்போல் மூன்று மடங்கு.

இரண்டாவது, புல்லே மாறிவிட்டது. விம்பிள்டனில் முன்பு இரண்டு வகைப் புல் கலந்து விதைப்பார்கள். 2001 முதல் முழுவதும் ரை புல். அதன் அடியில் மண் இறுகலாக இருப்பதால் பந்து முன்பைவிட நன்றாக எழும்புகிறது. சாம்ப்ராஸ் காலத்தில் சர்வ் போட்டவுடன் வலையை நோக்கி ஓடியவர்கள் வென்றார்கள். 2002 இறுதியிலோ ஹியூவிட், நல்பாண்டியன் இருவருமே பின்கோட்டில் நின்று அடிப்பவர்கள். ஒரே மைதானம், ஒரே பெயர், ஆனால் ஏறக்குறைய வேறொரு ஆட்டம்.

புல்லின் குணத்தை நான் கற்றது செம்மண் தளத்தில் பழகிய என் கல்லூரி நாட்களில். ஆனிச் சாரல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் தளம் சேறாகிவிட்டதால் பக்கத்துப் புல்வெளியில் வலையைக் கட்டினோம். நண்பர் அடித்த வெட்டுப் பந்து (ஸ்லைஸ்) இடுப்பு உயரத்துக்கு வரும் என்று மட்டையைப் பிடித்திருந்தேன்; அது கணுக்காலுக்கு மேல் எழவேயில்லை. கையில் எடுத்துப் பார்த்தபோது பந்தின் ஒரு பக்கம் பச்சைச் சாறு பட்டையாகத் தீற்றியிருந்தது. தரையைத் தொட்ட கணத்தில் பந்து உருளாமல் சறுக்கியிருக்கிறது என்பதற்கு அந்தப் பட்டைதான் சாட்சி. முழங்காலை மடக்கி, மட்டையைத் தாழ்த்தி, பந்து வந்து சேரும் முன்பே தயாராக இருப்பவருக்கு மட்டுமே புல் இடம் கொடுக்கும்.

இவை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பிறகும் ஆண்களில் நான் முதலிடம் கொடுப்பது ஃபெடரருக்குத்தான். 8 விம்பிள்டன், ஜெர்மனியின் ஹாலே நகரில் 10, ஸ்டுட்கார்ட்டில் 1 என மொத்தம் 19 புல்தரைப் பட்டங்கள் அவரிடம் உள்ளன. சாம்ப்ராஸிடம் மொத்தம் 10. 2003 முதல் 2008 வரை புல்லில் தொடர்ந்து 65 ஆட்டங்களை வென்ற ஃபெடரரை நிறுத்த, 2008 இறுதியில் நடாலுக்கு 4 மணி 48 நிமிடங்கள் தேவைப்பட்டன. 2001-இல் சாம்ப்ராஸையே ஐந்து செட்களில் வென்றவர், 2017-இல் ஏறத்தாழ 36 வயதில் ஒரு செட்டைக்கூட இழக்காமல் பட்டம் வென்றார். பழைய பாணி ஆட்டத்திலும் புதிய பாணி ஆட்டத்திலும் தேறியவர் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஜோகோவிச்சின் பெருமை வேறு வகை. 2019 இறுதியின் ஐந்தாம் செட்டில், 8-7 என முன்னிலையில் சர்வ் போட்ட ஃபெடரரிடம் இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்டுகள் (இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை என்ற வாய்ப்பு) இருந்தன. இரண்டையும் தடுத்து, 13-12 என அந்தச் செட்டை முடித்தார். நெருக்கடியில் அவரைப் போல் ஆடியவரை நான் கண்டதில்லை. நேருக்கு நேர் கணக்கை மாணவர்கள் வலியுறுத்துவது சரியே. ஆயினும் அந்த மூன்று இறுதிகளின்போதும் ஃபெடரர் முப்பதைக் கடந்திருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும்.

மார்த்தாண்டம் ஆசிரியை:

ஐயா இருவரும் எழுதியதைக் கவனமாகப் படித்தேன். கேள்வி, புல்தரையில் அதிகம் சாதித்தவர் யார் என்பது. ஆண்களில் யார் என்பதல்ல. அப்படியானால் விடை மார்ட்டினா நவரத்திலோவா என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

விம்பிள்டன் ஒற்றையரில் 9 பட்டங்கள் வென்றவர் ஆண், பெண் இருபாலரிலும் அவர் ஒருவரே. 1982 முதல் 1987 வரை தொடர்ந்து ஆறு. 1982 முதல் 1990 வரை ஒன்பது ஆண்டுகளும் இடைவிடாமல் இறுதிப் போட்டிக்கு வந்தார். அங்கே 47 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றவரை 1988 இறுதியில் ஸ்டெஃபி கிராஃப் நிறுத்தினார். அதோடு முடிந்தார் என்று எண்ணியிருந்தபோது, 1990-இல் 33 வயதில் ஒன்பதாவது பட்டத்தை வென்றார். இடது கையால் பந்தைத் தளத்தின் ஓரத்துக்கு வளைத்துச் சர்வ் போட்டு, எதிராளி அதை எட்டிப் பிடிப்பதற்குள் வலையருகே வந்து நிற்கும் அந்த ஆட்டம் புல்லுக்கென்றே பிறந்தது.

இரட்டையரையும் கலப்பு இரட்டையரையும் சேர்த்தால் விம்பிள்டனில் அவருக்கு 20 பட்டங்கள். அந்த இருபதாவது பட்டம் நமக்கும் நெருக்கமானது: 2003-இல் நம் லியாண்டர் பயஸுடன் இணைந்து ஆடி வென்ற கலப்பு இரட்டையர் பட்டம் அது. அதன் மூலம் பில்லி ஜீன் கிங்கின் 20 பட்டங்களைச் சமன் செய்தார்.

அடுத்த நிலையில் ஹெலன் வில்ஸ் 8, கிராஃப் 7, செரீனா வில்லியம்ஸ் 7. தக்கலை ஐயா சொன்ன கணக்கைப் பெண்களுக்கும் பொருத்தினால், மார்கரெட் கோர்ட் வென்ற 24 பெரும் ஒற்றையர் பட்டங்களில் 19 புல்தரையில் கிடைத்தவை. இந்தப் பெயர் உங்கள் பலகையில் இல்லாமல் போகக் கூடாது. வாசகசாலைக்கு வரும் பெண் பிள்ளைகளும் அந்தக் கட்டுரையைப் படிப்பார்கள்.

கோட்டாறு நண்பர்:

டீச்சர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நாகர்கோவிலில் ஒட்டப்போகும் கட்டுரையில் ராமநாதன் கிருஷ்ணனின் பெயர் இன்னும் வரவில்லையே என்பது என் ஆதங்கம். அவர் 1937-இல் பிறந்தது நம் நாகர்கோவிலில்தான். அன்று இது திருவிதாங்கூர் சமஸ்தானம்.

1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் ஆண்கள் ஒற்றையர் அரையிறுதி வரை சென்றார். முதல் ஆண்டு நீல் ஃபிரேசரிடமும் அடுத்த ஆண்டு லேவரிடமும் தோற்றார். அந்த இருவருமே அந்தந்த ஆண்டு கோப்பையை வென்றவர்கள். 1961 கால் இறுதியில் அவர் வீழ்த்தியது, மேலே குறிப்பிட்ட அதே எமர்சனை. 1962-இல் விம்பிள்டன் தரவரிசையில் நான்காம் இடம் கொடுத்தார்கள்.

பட்டம் வெல்லாதவரைச் சாதித்தவர் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேர்க்கலாம் என்பேன். இடிபோன்ற சர்வ் இல்லாதவர் புல்லில் நிலைக்க முடியாது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், மென்மையான கையாலும் பந்தை வைக்கும் இடத்தாலும் வென்று காட்டியவர் அவர். நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பையில், 1966-இல், கல்கத்தாவின் புல்தளத்தில் பிரேசிலின் தாமஸ் கோக்கிடம் ஏறக்குறைய தோற்றுவிட்ட ஆட்டத்தை மீட்டெடுத்து, இந்தியாவை முதன்முறையாக இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றதும் அந்தக் கைதான். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் அதே இளையோர் பட்டத்தை வென்று, 1986-இல் விம்பிள்டன் கால் இறுதியை எட்டினார். தந்தையின் தொடுதல் மகனிடமும் அப்படியே இருந்தது.

ஒழுகினசேரி வாசகர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிருஷ்ணன் நம் ஊரில் பிறந்தவர் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். வெட்கமாகவும் இருக்கிறது, மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. நவரத்திலோவாவில் தொடங்கி, ஃபெடரருக்கு வந்து, கோர்ட், லேவர், எமர்சன் மூவரையும் காலத்தோடு சேர்த்து விளக்கி, கிருஷ்ணனுக்குத் தனியாக ஒரு கட்டம் போட்டு எழுதுகிறேன். ஒன்று மட்டும் பாக்கி. பெரியவரின் போர்க்கை எங்கே வைப்பது?

தக்கலை பழைய ஆட்டக்காரர்:

ஃபெடரருக்கு அடுத்த பத்தியிலேயே வையுங்கள், அண்ணாச்சி. விம்பிள்டனில் 41 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றவர் அவர். அதைவிட எனக்கு வியப்பு, 1978, 1979, 1980 மூன்று ஆண்டுகளும் பாரிஸின் களிமண்ணில் பிரெஞ்சு ஓபனை வென்ற சில வாரங்களிலேயே விம்பிள்டனையும் வென்றது. பாரிஸில் பின்கோட்டை விட்டு நகராதவர், லண்டனுக்கு வந்ததும் சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடுவார். நின்று நிதானித்து எழும் பந்துக்குப் பழகிய கால், சறுக்கி வரும் பந்துக்கு இத்தனை விரைவில் மாறுவது எவ்வளவு கடினம் என்பது அந்த ஈரப்புல்லில் தடுமாறிய எனக்குத் தெரியும்.

1980 இறுதியின் நான்காம் செட் டை-பிரேக்கரை (செட் சமநிலையில் நிற்கும்போது ஆடும் முடிவாட்டம்) 18-16 என எதிராளி மெக்கன்ரோ வென்றார். ஐந்தாம் செட்டை 8-6 என வென்று போர்க் கோப்பையைத் தக்கவைத்தார். அந்த 34 புள்ளிகளையும் வானொலியில் எப்படிக் கேட்டார் என்று பெரியவரையே சொல்லச் சொல்லி எழுதி வாங்குங்கள். கட்டுரையில் அவர் சொல்வதை அப்படியே சேர்த்துவிடுங்கள்.