ஊருணிக்குத் தண்ணீர் வரும் வழி: எங்கள் ‘பெரிய வீடு’ வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சு

28 ஜூலை 2024, ஞாயிறு

சித்தப்பா (கோவை), காலை 6.42
அனைவருக்கும் வணக்கம். நேற்று ஊருக்கு வந்தபோது ஊருணியைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. படித்துறையின் கடைசிப் படிக்குக் கீழே வெடித்துக் கிடக்கிற மண்ணில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டரை மாதமே இருப்பதால், யாரையும் எதிர்பார்க்காமல் நாமே ஜேசிபி வைத்துத் தூர்வாரிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆறு லட்சம் ஆகும் என்கிறார்கள். மூன்றை நான் தருகிறேன், மற்றதை நீங்கள் பகிர்ந்துகொள்ளுங்கள்.

அண்ணன் (சிங்கப்பூர்), காலை 7.05
சித்தப்பா, நான் இரண்டு லட்சம் தருகிறேன். இங்கே நம் பக்கத்து நண்பர்கள் சிலரும் தருவதாகச் சொல்கிறார்கள்.

பெரியப்பா (ஊர்), காலை 7.31
உங்கள் மனத்தை மெச்சுகிறேன். ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே நல்லெண்ணத்தோடு நாம் செய்த காரியம் எப்படி முடிந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். வடகரையில் அள்ளிய மண்ணை ஏற்றிய டிராக்டரை வழியில் நிறுத்தி, மண்ணெடுக்க யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டபோது நம்மிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. ஓர் அலுவலகத்தின் திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பையனே எழுத்தராக வந்து, ‘சார், நீங்களா இப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்டான்.

சித்தப்பா, காலை 7.38
அதனால்தான் அண்ணா சொல்கிறேன், அவர்கள் பக்கமே போகாமல் இரவோடு இரவாக முடித்துவிட வேண்டும்.

அத்தை (காரைக்குடி), காலை 8.20
தம்பி, முப்பத்தொரு வருடம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் குப்பை கொட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஊருணி நம்முடையது என்று நாம் பேசுகிறோமே தவிர, வருவாய்த் துறையின் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன்படி அதன் பராமரிப்பு ஊராட்சியைச் சேர்ந்தது. ஆகவே நீ தூர்வாருவதாக நினைக்கும் வேலை, காகிதத்தில் அரசு நிலத்திலிருந்து அனுமதியின்றிக் கனிமம் எடுத்த குற்றமாகவே இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பதிவேட்டில் ஏறாத வேலைக்குப் பராமரிப்பு கிடையாது. நீ வெட்டிய குளம் மூன்றாம் வருடம் கரை சரிந்தால், அந்தக் கரைக்கு மதிப்பீடு போடு என்று எந்தப் பொறியாளரிடமும் போய் நிற்க முடியாது, ஏனென்றால் அவருடைய ஏட்டில் அப்படி ஒரு வேலையே நடக்கவில்லை.

அத்தை, காலை 8.34
இப்போதுள்ள வழிகளைச் சொல்கிறேன். ‘நமக்கு நாமே’ திட்டத்தில், பொதுவாக, மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பாதியோ அதற்கு மேலோ கட்டினால் வேலையை நாமே எடுத்துச் செய்யவும் கேட்கலாம். ஆறு லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு லட்சத்துக்கான வேலையை மட்டும் செய்வது புத்திசாலித்தனம் ஆகாது. வண்டல் மண்ணுக்கும் வழி திறந்திருக்கிறது. உழவர்களும் மண்பாண்டம் செய்வோரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று சென்ற மாதம் விதியை எளிமையாக்கியிருக்கிறார்கள். நன்செய் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கனமீட்டர் வரை எடுக்கலாம். அந்த நீர்நிலை மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. நம் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மருமகள் பார்த்துச் சொல்லட்டும்.

மதினி (ஊர்), காலை 9.10
சரிங்க சின்னம்மா. ஊராட்சிச் செயலரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அண்ணன், காலை 9.26
அத்தை, இங்கிருந்து பணம் அனுப்புவதில் சிக்கல் வருமா?

அத்தை, காலை 9.41
நீ இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன். உன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர்களிடம் மட்டும் இதற்காக வசூலிக்காதே, அதற்குச் சட்டம் வேறு.

நான் (சென்னை), காலை 10.15
பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தூர்வாருவதைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் ஊருணி வறண்டதற்குக் காரணம் தூர் அன்று என்பது என் முடிவு. பொங்கலுக்கு வந்தபோது, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கி, செவல்காட்டிலிருந்து ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலை அளந்தேன். சாலை புதிதாகப் போட்டபோது அதன் குறுக்கே வைத்த குழாய்ப்பாலத்தின் அடிமட்டம், வரத்துக்காலின் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. காட்டில் பெய்கிற மழை சாலையின் கிழக்கே குட்டையாகத் தேங்கி, சீமைக்கருவேலத்துக்குப் பாய்ந்துவிட்டு, மிச்சம் பக்கத்து ஊர் ஓடைக்குப் போய்விடுகிறது. ஒன்றரை அடி தேங்கிய பிறகு வழிகிற தண்ணீர்தான் நமக்கு வரும். 2021 நவம்பரில் அவ்வளவு மழை பெய்தும் நான்கு படிதான் நனைந்தது என்று பெரியப்பா சொன்னாரே, அதற்கு இதுதான் விடை.

சித்தப்பா, காலை 10.22
நீ சொல்வது உண்மையென்றால், நான் பத்து அடி ஆழம் வெட்டினாலும் பள்ளம்தான் மிஞ்சுமா?

நான், காலை 10.25
ஆமாம் சித்தப்பா. பள்ளம் பெரிதாகும், தண்ணீர் வராது. அந்தப் பாலத்தை உடைத்துத் தாழ்த்திக் கட்ட வேண்டும். அது ஒன்றியச் சாலை என்பதால் நம் குடும்பம் எத்தனை லட்சம் வைத்திருந்தாலும் அதில் ஒரு கடப்பாரையைக்கூட வைக்க முடியாது.

பெரியப்பா, காலை 10.50
இதை ஏன் ஏழு மாதமாக உன் மடிக்கணினியில் வைத்திருந்தாய் என்று கேட்க மாட்டேன். மதியம் எல்லோரும் சாப்பிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம். இந்தக் குழுவில் பூங்கொத்துப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பியவர் அதை நீக்கிவிடவும்.

சித்தப்பா, மாலை 4.18
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் சந்தேகம் தீரவில்லை. நீர்நிலைகளை ஊராரே சேர்ந்து சீர்செய்யும் குடிமராமத்து என்று 2017இல் மீண்டும் தொடங்கினார்களே, 100 கோடி ஒதுக்கி 1,519 வேலைகள் என்றார்கள், பயன்பெறும் விவசாயிகள் பத்து விழுக்காடு தர வேண்டும் என்றார்கள். அதில் எத்தனை ஊரில் உண்மையான விவசாயிகள் நின்று செய்தார்கள், எத்தனை ஊரில் விவசாயி சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர் நின்றார் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். அரசோடு சேர்ந்து செய்வது என்றால் கடைசியில் நம் பணமும் அந்த வழியே போய்விடும்.

அத்தை, மாலை 5.02
நீ பார்த்தது பொய்யில்லை. ஆனால் அதே திட்டத்தில் கரையைச் செம்மையாகக் கட்டிய ஊர்களும் எனக்குத் தெரியும். அந்த ஊர்களில் கண்மாய்ப் பாசன நிலம் உடைய ஆயக்கட்டுக்காரர்கள் ஏற்கெனவே கூடிப் பேசிக்கொள்ளும் பழக்கம் உடையவர்களாக இருந்தார்கள். மடை திறக்க நீர்பாய்ச்சியை நிறுத்தி, அவருக்கு அறுவடையில் நெல் கொடுக்கும் வழக்கம் அங்கே அறுந்துபோகவில்லை. மதுரையிலிருந்து தானம் அறக்கட்டளை கண்மாய்களில் வேலை செய்யும்போது முதலில் ‘வயலகம்’ என்று விவசாயிகளின் சங்கத்தை அமைத்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பார்கள். சங்கம் இருந்தால் அளவுப் புத்தகத்தில் ஓவர்சியர் எழுதுகிற கனமீட்டரை எட்டிப் பார்க்க நான்கு பேர் இருப்பார்கள்.

அத்தை, மாலை 5.15
இன்னொன்றையும் என் அனுபவத்தில் சொல்கிறேன். கோப்பு நகராததற்கு லஞ்சம் ஒரு காரணம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே ஓவர்சியர் பல ஊராட்சிகளைச் சுமக்கிறார். கேட்டவர் ஒரு தரம் மனுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராவிட்டால், அந்த மனு மேசையில் மேலிருந்து அடிக்குப் போய்விடும். என் மேசையிலும் போயிருக்கிறது. மாதம் இரண்டு முறை வந்து, மரியாதையாக, தேதி போட்டுக் கேட்கிறவருடைய கோப்பைத்தான் நாங்கள் முதலில் தூக்குவோம், அவர் வந்து நிற்பதற்கு முன் முடித்துவிடலாம் என்று.

மதினி, மாலை 6.40
மாமா, சின்னம்மா, எல்லோருக்கும் ஒரு செய்தி. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கான பொருள் நிரலை இந்த வாரம் தயார் செய்கிறார்கள் என்று செயலர் சொன்னார். நான்காவது வார்டு உறுப்பினர் என்ற முறையில் ஊருணி வேலையைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊருணி அரசிதழ்ப் பட்டியலில் இல்லை. பெரிய கண்மாய் இருக்கிறது.

பெரியப்பா, மாலை 6.58
நல்லது. நம் ஊராட்சியின் மக்கள்தொகை மூவாயிரத்துக்குள் இருப்பதால் 100 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

15 ஆகஸ்ட் 2024, வியாழன்

மதினி, மதியம் 1.35
கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு பாதிப் பேர் கிளம்பப் பார்த்தார்கள். எங்கள் மகளிர் குழுவினரை வாசலருகே உட்காரவைத்திருந்தேன், அதனால் கூட்டம் கலையவில்லை. வரவு செலவு வாசித்ததும் ஊருணிப் பேச்சு வந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள், செயலர் எழுதினார். அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். ‘ஊருணி பராமரிப்புப் பணி செய்ய ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஒரே வரி. அதற்குள் பாலமும் இல்லை, வரத்துக்காலும் இல்லை.

அத்தை, மதியம் 1.41
அந்த ஒற்றை வரியில்தான் ஊர்கள் ஏமாறுகின்றன. நீ என்ன செய்தாய்?

மதினி, மதியம் 1.58
புல எண்ணை எழுதுங்கள் என்றேன். ‘அதெல்லாம் மதிப்பீட்டில் வரும்மா’ என்றார். கொழுந்தனார் அனுப்பியிருந்த வரைபடத்தைப் பிரித்துக் காட்டி, ஊருணியின் புல எண், செவல்காட்டு வரத்துக்காலின் புல எண், சாலைக் குழாய்ப்பாலத்தை வரத்துக்காலின் தரைமட்டத்துக்குத் தாழ்த்திக் கட்டுவது, வரத்துக்காலை நூறு நாள் வேலையில் சுத்தம் செய்வது என்று நான்கையும் தனித்தனியாக எழுதும்வரை நான் உட்காரவில்லை. பேனா மை தீர்ந்துவிட்டது என்றார். என் பையிலிருந்த பேனாவைக் கொடுத்தேன். இதோ, தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்திருக்கிறேன்.

சித்தப்பா, மதியம் 2.03
அம்மா, உன்னை ஊராட்சி மன்றத் தலைவராக்கியிருக்க வேண்டும். 2016இல் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டத்தைத் திருத்தியபோது நான் கேலி பேசியதை இந்தக் குழுவில் யாரும் நினைவுபடுத்த வேண்டாம்.

அத்தை, மதியம் 2.20
வரத்துக்காலை நூறு நாள் வேலையில் வைத்தது சரியான முடிவு. அது முழுக்க மண்வெட்டி வேலை என்பதால் 319 ரூபாய் கூலி நம் ஊர்ப் பெண்களின் வங்கிக் கணக்கிலேயே விழும். ஒப்பந்தக்காரருக்கு அதில் இடமே கிடையாது. பாலத்தை ஒன்றிய நிதியில் கேளுங்கள். இவை இரண்டுக்கும் நம் குடும்பத்திலிருந்து ஒரு பைசா தேவையில்லை. ஊருணிக்குள் தூர்வாரவும் படித்துறையைச் சரிசெய்யவும் மட்டும் ‘நமக்கு நாமே’க்கு விண்ணப்பிக்கலாம். தீர்மான நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

பெரியப்பா, மதியம் 2.44
தலைவருடைய பதவிக்காலம் வருகிற ஜனவரி 5இல் முடிகிறது. தேர்தல் தள்ளிப்போனால், தலைவருக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலரிடம் போக வேண்டியிருக்கும். அதற்குள் மதிப்பீட்டில் கையெழுத்தாகிவிட வேண்டும்.

12 செப்டம்பர் 2024, வியாழன்

மதினி, மாலை 5.27
ஒன்றியப் பொறியாளர் இன்று நேரில் வந்தார். பாலம் சரியாகத்தான் இருக்கிறது என்றார் முதலில். மாமா ஒரு குடம் தண்ணீரைக் கிழக்குப் பக்கம் வரத்துக்காலில் ஊற்றினார். அது குழாய்வாய்க்குக் கீழே வந்து, ஏற முடியாமல் நின்று, மண்ணில் இறங்கிவிட்டது. பொறியாளர் இரண்டு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே மட்டக்கருவியோடு சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

சித்தப்பா, மாலை 5.40
நான் என் மூன்று லட்சத்தை எப்போது கட்ட வேண்டும், யார் பெயருக்கு வரைவோலை எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கல்லில் அப்பாவின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதையும் மனுவில் எழுதலாமா?

அத்தை, மாலை 5.52
மதிப்பீடு வரும்வரை பணத்தை உன் கணக்கிலேயே வைத்திரு. கல்லைப் பற்றிப் பிறகு பார்க்கலாம், முதலில் தண்ணீர் வரட்டும்.

நான், மாலை 6.05
சனிக்கிழமை காலை நானும் வந்துவிடுகிறேன். பொங்கலுக்கு எடுத்த அளவுகளை அச்செடுத்துக் கொண்டுவருகிறேன். மதினி, அன்று மாடுகளை அந்தப் பக்கம் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். சென்ற முறை நான் அடித்த முளைக்குச்சிகளில் இரண்டை மிதித்துவிட்டன.

மதினி, மாலை 6.11
சொல்லிவிட்டேன். காலை டிபனுக்கு எத்தனை பேர் என்று மட்டும் வெள்ளிக்கிழமை இரவுக்குள் தெரியப்படுத்துங்கள், மாவு ஆட்ட வேண்டும்.