தைப்பொங்கல்: ஸ்காபரோ பனியிலா, கான்குன் வெயிலிலா?

பனிக்கோலம்:
மார்கழி பிறந்தால், ஸ்காபரோ உள்ளிட்ட ரொறன்ரோத் தமிழ் வீடுகளில் தவறாமல் எழும் வழக்கு இது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மெக்சிக்கோவின் கான்குனுக்குப் பயணப் பொதிகள் உச்ச விலையில் நிற்கும். பள்ளி திறந்த பிறகு விலை சரசரவென்று இறங்கும். அந்த மலிவு நாட்களுக்குள்தான் தைப்பொங்கலும் வருகிறது. பானையைத் தூக்கிக்கொண்டு வெயில் இருக்கும் இடத்துக்கே போய்ப் பொங்குவோம் என்கிறது ஒரு கட்சி. பொங்கல் அன்று வீடு பூட்டிக் கிடக்கலாமா என்கிறது மறு கட்சி. கலாசாரம் அழிகிறது என்ற புலம்பல் போதிய அளவு கேட்டாயிற்று. அடுப்பு, பானை, பள்ளிக்கூடம், பயணம் என்று கைக்கு அகப்படும் காரணங்களோடு எழுதுங்கள்.

வல்லைவெளி:
நான் மறு கட்சி. பொங்கலுக்கு வேண்டியது மூண்டு: சொந்த வாசல், சூரியன், பொங்கி வழியிற பானை. சாப்பாடு எல்லாம் அடங்கின ஹோட்டலில சூரியன் மட்டும்தான் கிடைக்கும். அறையில அடுப்பு இல்லை. காஸ் குப்பியை விமானத்தில கைப்பையிலும் கொண்டுபோக ஏலாது, பெட்டியிலும் வைக்க ஏலாது. கடற்கரை மணலில மூண்டு கல்லு வைச்சு நெருப்பு மூட்ட வெளிக்கிட்டால், பால் கொதிக்க முதல் காவலாளி வந்திடுவார்.

மற்றது பள்ளிக்கூடம். ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளியளில முதல் பருவத்துச் சோதனை தை (ஜனவரி) மாதக் கடைசியில வருது. சோதனைக்கு முதல் வாரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடலில குளிக்கப் போறதோ? 9ஆம் வகுப்புக்கு மேல பிள்ளையள் இருக்கிற வீட்டில உந்தக் கதையே எடுக்கக் கூடாது.

கொங்குக்காற்று:
சோதனை விஷயம் சரிதான், ஒத்துக்கறேன். சின்னக் குழந்தைங்க இருக்கிற வீட்டைப் பத்திப் பேசுவோம்.

சொந்த வாசல்னு சொல்றீங்க. ஜனவரி நடுவில அந்த வாசல்ல என்ன நடக்குது? ரொறன்ரோவில சூரியன் எழ 7:50 ஆகும். அதுவும் நேர்கிழக்கில இல்ல, ஏறக்குறைய 30 பாகை தெற்கே தள்ளி எழும். கிழக்கு பார்த்த பால்கனின்னு நம்பிக் கோலம் போட்டா பக்கத்துக் கட்டடம் மறைச்சிடும். மேகம் இருந்தா அதுவும் கிடையாது. கடைசியில கதவைச் சாத்திட்டு, மின்னடுப்புல எவர்சில்வர் சட்டியை வச்சு, புகை அலாரம் கத்துமோன்னு பயந்து கற்பூரத்தைக்கூட அரைக் கட்டியா ஏத்தறோம். அதுக்கு எந்த ஊரு சமையலறையா இருந்தா என்ன?

பால்கனியில சின்ன பியூட்டேன் அடுப்பு வைக்கலாம்னு சிலர் வாங்கி வைக்கிறாங்க. பியூட்டேன் சுழியம் பாகையை ஒட்டித்தான் ஆவியாகும். மைனஸ் பத்துல குப்பிக்குள்ள திரவமாவே கிடக்கும். பத்த வச்சாலும் நீலமா ஒரு துளி எரிஞ்சு அணைஞ்சிடும். அந்தக் கோபத்துல அடுப்பை வீட்டுக்குள்ள தூக்கிட்டு வர்றாங்க பாருங்க, அதுதான் ஆபத்து.

வல்லைவெளி:
பிழையான அடுப்பை வாங்கிப்போட்டுப் பொங்கலைக் குறை சொல்லக் கூடாது. புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். தனி வீடெண்டால் செய்யிற முறை இது.

வாகனம் நிப்பாட்டுற இடத்தில பனியை வழிச்சு, சீமெந்துத் தரை தெரிய வேணும். பனிக்கு மேல அடுப்பை வைச்சால் சூட்டுக்கு ஒரு பக்கம் உருகிச் சரியும். பானையும் சேர்ந்து சரியும். நடைபாதைக் கல்லு நாலை அடுக்கி அதுக்கு மேல அடுப்பு. கதவு, யன்னலில இருந்து குறைஞ்சது 3 மீற்றர். காத்து மறைக்கத் தகரத்தை மூண்டு பக்கம் நிறுத்துங்கோ, ஆனால் காஸ் சிலிண்டர் மறைப்புக்கு வெளியில நிக்க வேணும். சிலிண்டர் நிரம்பி இருக்கிறது நல்லம். அடியில கொஞ்சம் கிடந்தால் குளிருக்கு அழுத்தம் விழுந்து சுவாலை சோரும். கார் கொட்டகைக்குள்ள, கதவைத் திறந்து வைச்சிருந்தாலும், வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

கோலத்துக்கு அரிசிமாவு பனியில தெரியாது. மஞ்சள் கலந்து போடுங்கோ.

சுண்டு:
அண்ணை அடுப்பைச் சொன்னார், பானையைச் சொல்லவில்லை. மண்பானையை முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் மைனஸ் 15இல் வெளியே வைத்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம் உறைந்து விரியும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அடியில் நெருப்பு, பக்கத்தில் குளிர்காற்று என்றால் அந்தக் கீறல் வாய் திறக்கும். பால் பொங்குவதற்கு முன்பே பானை கிழக்கே சரிந்ததா மேற்கே சரிந்ததா என்று சகுனம் பார்க்க வேண்டி வரும். வெளியே பொங்குவதென்றால் பித்தளை அல்லது எவர்சில்வர். மண்பானைதான் வேண்டுமென்றால் வீட்டுக்குள், குறைந்த சூட்டில் தொடங்கி.

கண்ணாடித்தட்டு மின்னடுப்பில் மண்பானை வைக்காதீர்கள். அடி சமமாக உட்காராது. தட்டும் விட்டுவிட்டுச் சூடாகும். இண்டக்‌ஷனில் மண்பானை சூடாகவே ஆகாது. 1500 வாட் சுருள் அடுப்பு ஒன்று வாங்கி, அகலமான எவர்சில்வர் தாம்பாளத்துக்குள் வைத்து, சூரியன் விழும் யன்னலுக்கு எதிரே பொங்குங்கள். வழிகிற பாலைத் தாம்பாளம் பிடிக்கும். அடுப்பு 12 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதே சுற்றில் மின்கேத்தலையும் போட்டால் 15 அம்பியர் பிரேக்கர் விழும். பால் திரண்டு எழும்பும் நேரத்தில்தான் யாராவது தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்கள்.

அளவு: 2 லீற்றர் கொள்ளும், வாய் குறுகிய பானை. முழுக் கொழுப்புப் பால் அரை லீற்றர் (ஒன்ராறியோவில் பையில் வரும் 3.25% பால் சரி), தண்ணீர் ஒரு லீற்றர். முக்கால் பானைக்கு நிற்கும். இதைவிடக் குறைத்தால் நுரை விளிம்பைத் தொடாமலே அடங்கிவிடும். பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" சொல்லக் காத்து நின்று ஏமாறுவார்கள். பொங்கி வழிந்ததும் 250 மில்லி எடுத்து வைத்துவிட்டு, கழுவிய பச்சையரிசி 250 கிராம், வறுத்த பயறு 60 கிராம் போடுங்கள். இறுகினால் எடுத்து வைத்ததை ஊற்றலாம்.

சர்க்கரையை (வெல்லத்தை) அரிசி குழைந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்னரே போட்டால் அரிசி அதற்கு மேல் வேகாது, நறுக்கென்று நிற்கும், பாலும் திரையக்கூடும். 250 முதல் 300 கிராம் சர்க்கரையை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, வடித்து, அடுப்பைத் தணித்துவிட்டு ஊற்றுங்கள். கட்டித் தேங்காய்ப்பால், ஏலம், கஜு, முந்திரிகை வத்தல் (உலர் திராட்சை) கடைசியில்.

யாருடைய கட்சி என்று கேட்டால், பானை எங்கே நேராக நிற்கிறதோ அந்தக் கட்சி.

கொங்குக்காற்று:
அருமைங்க. இதையே என் கட்சிக்குச் சாதகமா எடுத்துக்கறேன். மெக்சிக்கோவில மின்சாரம் 127 வோல்ட், பிளக்கும் நம்ம கனடா பிளக்தான். அந்தச் சுருள் அடுப்பு அப்படியே அங்க வேலை செய்யும், பெட்டியில துணிக்கு நடுவில போகும். ஹோட்டல் அறை பொங்கலுக்குச் சரிப்படாதுன்னு வல்லைவெளி அண்ணன் சொன்னது நியாயம். அதனால ஹோட்டல் வேண்டாம். சமையலறையோட வாடகை வீடு, முற்றமோ மொட்டை மாடியோ இருக்கிற மாதிரி எடுங்க. ரெண்டு குடும்பம் சேர்ந்தா செலவும் பாதி.

சாமானுக்குக் கவலையே வேண்டாம். பிலோன்சியோன்னு கூம்பு வடிவத்தில வெல்லம் சந்தையில இருக்கும்; நம்ம வெல்லம் மாதிரியே கரும்புச்சாறு காய்ச்சினது, கொஞ்சம் கரும்பாகு வாசனை தூக்கலா இருக்கும். தட்டிக் கரைச்சு வடிகட்டணும். மார்கழி மாசம் அவங்க கிறிஸ்துமஸ் பழப் பானத்துக்குக் கரும்பு போடறதால கரும்புத் துண்டும் அந்தப் பருவத்தில கிடைக்கும். ரொறன்ரோவில உறைஞ்சு வெளுத்த கரும்பை விலை கொடுத்து வாங்கறதை விட இது மேல். தேங்காய் சொல்லவே வேண்டாம். ஏலக்காய் தேடி அலையறதுக்குப் பதில் கனேலான்னு பட்டை எந்தக் கடையிலயும் இருக்கும்.

சூரியன் அங்க 7:30 போல எழும். கடல் கிழக்கே, நடுவில எந்தக் கட்டடமும் இல்ல.

வல்லைவெளி:
பட்டை போட்ட புக்கையோ? நல்லாயிருக்கு. அடுத்த வருஷம் கொத்தமல்லி தூவி எலுமிச்சம்பழமும் பிழிஞ்சு விடுங்கோ.

சுண்டு:
பட்டை இருக்கட்டும், அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அங்கே சந்தையில் அழகான மண்பானைகளைப் பார்த்ததும் "பொங்கப் பானை கிடைத்துவிட்டது" என்று வாங்காதீர்கள். பளபளப்பான மெருகு பூசிய மெக்சிக்கோ மரபுப் பானைகளில் ஈயம் கலந்த மெருகு பரவலாக இருந்து வந்திருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் ஈயம் உணவில் இறங்கும்; பிள்ளைகளுக்கு மிகக் கெடுதல். கழுவினாலோ காய்ச்சிக் கொட்டினாலோ போகாது. பானை இங்கிருந்தே போகட்டும்.

கரையோரம்:
பயணப் பக்கத்தை யாரும் தொடவில்லை. பொங்கலைக் கெடுப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கனடாவின் நிரந்தர வதிவாளர் என்றால் மெக்சிக்கோவுக்குத் தனி விசா தேவையில்லை. நிரந்தர வதிவாளர் அட்டை செல்லுபடியாக இருக்க வேண்டும், கையிலும் இருக்க வேண்டும். அது இல்லாமல் திரும்பி வர விமானத்தில் ஏற்றமாட்டார்கள். சூப்பர் விசாவில் (பெற்றோர், பாட்டன் பாட்டிக்கான நீண்டகால வருகை விசா) வந்திருக்கும் அம்மம்மா, அப்பம்மாவை அழைத்துச் செல்வதென்றால் அவர்கள் கடவுச்சீட்டில் ஒட்டிய விசாத் தேதியைப் பாருங்கள். கனடாவில் தங்கும் அனுமதி மிச்சம் இருந்தாலும், விசா முடிந்திருந்தால் மீண்டும் நுழைவது சிக்கல். மலிவு என்று அமெரிக்கா வழியாக மாறிச் செல்லும் சீட்டு எடுத்தால், விமான நிலையத்தைத் தாண்டாமல் இருந்தாலும் அவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். நேரடி விமானம் மட்டும் பாருங்கள், சுமார் 4 மணி நேரம்.

கொங்குக்காற்று சொன்ன வெயில் உறுதியில்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து "நோர்த்தே" என்ற காற்று இறங்கும். இரண்டு மூன்று நாள் கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும். கோசுமெல், இஸ்லா முகேரெஸ் தீவுகளுக்கான படகுகள் ஓடாது. அந்தக் காற்றில் மொட்டை மாடியில் பானை வைத்தால் சுருள் அடுப்பின் சூடு பாதி பறந்துவிடும். ஆகவே படகுப் பயணத்தைப் பொங்கல் நாளுக்கு அடுத்தடுத்து வைக்காமல் இடைவெளி விடுங்கள். செனோத்தே எனப்படும் நன்னீர்க் குகைக் குளங்களுக்குப் போனால், இறங்குவதற்கு முன் குளித்து வெயில் பூச்சைக் கழுவச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு நீண்ட கைச் சட்டையே போதும். பல குளங்கள் கரையிலிருந்தே ஆழம், உயிர்காப்புச் சட்டை இல்லாமல் இறக்காதீர்கள்.

பொங்கல் அன்று மரக்கறி என்றால் இன்னொரு கண்ணி. பிசைந்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பும், சிவப்புச் சோற்றில் கோழிச் சாறும் வழக்கமாகச் சேரும். "சைவம்" என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். "சின் மந்தேகா, சின் கால்தோ தெ போயோ" என்று இரண்டையும் பெயர் சொல்லி விலக்குங்கள்.

திரும்பும்போது மிஞ்சிய கரும்பைப் பெட்டியில் போடாதீர்கள். கனடாச் சுங்கத்தில் உணவு, செடி எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும்.

வல்லைவெளி:
இவ்வளவு கண்டமும் தாண்டி ஏன் போக வேணும்? ஒன்ராறியோ 2014இலும், கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில, நூலகத்தில, மண்டபங்களில பொங்கல் நடக்கிற ஒரே மாதம் இது. பிள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வகுப்பில நிண்டு பானையைப் பற்றிச் சொல்லுற நாளில நீங்கள் கான்குனில நிக்கிறியள்.

கொங்குக்காற்று:
அண்ணே, மண்டபப் பொங்கல் எல்லாம் சனி, ஞாயிறுல, மாசக் கடைசி வரைக்கும் நடக்குது. செவ்வாய் போய் அடுத்த செவ்வாய் திரும்பினா போறது ஒரே ஒரு வார இறுதி. வகுப்புல பேசற நாளை ஆசிரியர்கிட்ட முன்னாடியே கேட்டு மாத்திக்கலாம், மாசம் முழுக்க இருக்கே.

பனிக்கோலம்:
தேதியைப் பற்றி ஒரு குழப்பம். சூரியன் மகரத்தில் நுழையும் கணம் உலகத்துக்கு ஒன்றுதான். குளிர்காலத்தில் யாழ்ப்பாணம் ரொறன்ரோவுக்கு 10½ மணி நேரம் முன்னால் நிற்கிறது. அங்கே 14ஆம் தேதி பிற்பகலில் சங்கராந்தி என்றால் பொங்கல் 15 என்று நாட்காட்டியில் அடித்திருப்பார்கள். நமக்கு அதே கணம் 14ஆம் தேதி விடியலுக்கு முன்பே வந்துவிடும். சீட்டு எடுப்பவர்கள் எந்த நாளை நம்புவது?

வல்லைவெளி:
உங்கட கோயில் எந்த நாளில பொங்குதோ அந்த நாள். கோயிலுக்குக் கோயில் பஞ்சாங்கம் வேற, வாக்கியம் ஒண்டு, திருக்கணிதம் ஒண்டு. சீட்டு எடுக்க முதல் கேளுங்கோ. வந்து இறங்கின அண்டைக்கே பொங்கல் விழுகிற மாதிரி எடுத்தால் கடைக்குப் போகவும் நேரம் இராது, அடுப்பு எரியுதோ எண்டு பார்க்கவும் நேரம் இராது. ரெண்டு நாள் முந்திப் போங்கோ. நான் போகேல்லை, அது வேற கதை.

போறவைக்கு ஒண்டு சொல்லுறன். பித்தளைப் பானையைப் பெட்டியில போடுறதெண்டால் வாய் மேல பார்க்க வைச்சு, உள்ளுக்கு உடுப்பை இறுக்கி அடையுங்கோ. வெறும் பானை எண்டால் கழுத்தடியில நசியும்.