ஜான்ஸ்கர் ஆறு மலைத்தொடரைக் குறுக்கே கடப்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். லடாக்கின் ஜான்ஸ்கர் ஆற்றை வரைபடத்தில் சில நாள்களாகப் பார்த்துவருகிறேன். பதும் சமவெளியில் பல கிளைகளாகப் பிரிந்து பரந்தோடும் ஆறு, திடீரென வடகிழக்கே திரும்பி, ஜான்ஸ்கர் மலைத்தொடரையே ஊடறுத்துச் சிந்துவில் சேர்கிறது. எதற்காக இந்தக் கடினமான வழி? தோடா, லுங்னக், சாரப் என வெவ்வேறு பெயர்கள் வருவதால் தலையாறு எது என்பதிலும் குழப்பம்.

மறுமொழி 1:
தலையாறு இரண்டு. 4,400 மீட்டர் உயரத்திலுள்ள பென்சி கணவாய்க்கு அருகே, துருங்-துருங் பனியாற்றிலிருந்து இறங்கித் தென்கிழக்காக வருவது தோடா. ஸ்தோத் என்றாலும் அதுவே. ஷிங்கோ கணவாய்ப் பக்கமிருந்து வரும் கர்கியாக்கும் கிழக்கிலிருந்து வரும் சாரப்பும் பூர்ணே ஊரில் கூடி லுங்னக்காகி, வடமேற்கே பாய்கின்றன. ஏறக்குறைய எதிரெதிராக வரும் இவ்விரண்டும் பதும் அருகே கலந்த பிறகே ஜான்ஸ்கர் என்ற பெயர்.

தெற்கே பேரிமயம் சுவராக நிற்பதால் அந்தப் பக்கம் வழியில்லை. மலை எழும் வேகத்துக்கு ஈடாகப் படுகையை அறுத்துக்கொண்டே வரும் ஆறு தன் பாதையை மாற்ற வேண்டியதில்லை. சிந்துவும் சட்லஜும் அப்படித்தான் இமயத்தைக் கடக்கின்றன. ஜான்ஸ்கருக்கும் இதுவே பொருந்தும் என்பது என் கருத்து.

மறுமொழி 2:
அந்தப் பள்ளத்தாக்கை நேரில் பார்த்திருக்கிறேன். இமயம் எழுமுன் இங்கிருந்த டெதிஸ் என்ற பழங்கடலின் அடியில் படிந்த பாறை அடுக்குகள், மடித்துவைத்த கம்பளம்போல் வளைந்து, சில இடங்களில் செங்குத்தாகவே நிற்கின்றன. இவ்வளவு பெரிய ஆறு அருகிலிருந்தும், அது ஆழத்தில் ஓடுவதால், பக்கத்து மலைகளிலிருந்து உருகிவரும் ஓடைகளை 'யூரா' எனப்படும் சிறு வாய்க்கால்களில் திருப்பித்தான் பார்லியும் பட்டாணியும் விளைவிக்கிறார்கள். வாய்க்காலின் மடையை ஒரு தட்டைக்கல்லும் கொஞ்சம் புல்கரணையும் வைத்து அடைப்பதை நெடுநேரம் நின்று பார்த்தேன்.

பருவமழை பேரிமயத்தைத் தாண்டி அதிகம் வருவதில்லை என்பதால் வெள்ளம் பெரும்பாலும் பனியுருகல்தான். ஜூலை, ஆகஸ்டில் சேறு கலந்து ஓடும் ஆற்றின்மேல், ஜனவரி, பிப்ரவரியில் உறைந்த பனிப்பரப்பில் நடந்து செல்கிறார்கள். அந்தப் பாதைக்குச் 'சாதர்' என்று பெயர்.

மறுமொழி 3:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2014 டிசம்பர் 31 அன்று, ஃபுக்தல் மடாலயத்துக்கு மேலே, நீர் வரும் திசையில், சாரப் ஆற்றை நிலச்சரிவு அடைத்தது. பின்னால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி தேங்கி, 2015 மே 7 அன்று அணை உடைந்து, கீழேயிருந்த பாலங்களை வெள்ளம் அடித்துச்சென்றது. வரைபடத்தில் மெல்லிய நீலக்கோடாகத் தெரியும் சாரப்பை நம்பியிருக்கும் ஊர்களுக்கு ஒரு பாலம் போவதென்பது, சந்தைக்கும் மருத்துவத்துக்குமான வழியே போவதாகும்.