புதுப்பிப்பு: கழற்றி மாட்டும் அக்ரிலிக் ரேக், ஸ்லாட் அளவுகள்

பாண்டிச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஊதுபத்தி, மெழுகுவத்தி அடுக்க, திருகும் பசையும் இல்லாத 5 மி.மீ. ரேக் வரைபடம் போட்டிருந்தேன். வெட்டிப் பார்த்தவர்களின் புகார் இரண்டு: தட்டு ஸ்லாட்டில் (சொருகும் வெட்டில்) இறங்கவில்லை, மூலையில் விரிசல்.

இறங்காததற்குக் காரணம் ஷீட்டின் தடிமன். காஸ்ட் (அச்சில் வார்த்த) அக்ரிலிக் ஷீட்டில் 5 என்பது பெயருக்குத்தான். ஒரே ஷீட்டுக்குள்ளேயே கூடும், குறையும். மேல் பேப்பரை உரித்துவிட்டு நான்கு ஓரமும் வெர்னியர் காலிப்பரில் அளந்து, அதிகபட்ச அளவோடு 0.2 மி.மீ. சேருங்கள். 4.8 வந்தால் ஸ்லாட் 5.0. வாராவாரம் கழற்றும் ரேக்குக்கு இறுக்கம் ஆகாது. ஸ்லாட் ஆழம் தட்டின் பாதி அகலம், கூட 0.5. முழு ஷீட்டுக்கு முன் கழிவுத் துண்டில் 4.9, 5.0, 5.1 என மூன்று ஸ்லாட் வெட்டிச் சொருகிப் பாருங்கள்.

மூலைதான் முக்கியம். சி.என்.சி. ரூட்டரின் (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) 3 மி.மீ. பிட் உள்மூலையில் 1.5 ஆரம் விட்டுவிடும்; தட்டின் சதுர முனை அதில் முட்டும். அடித்து இறக்கினால் விரிசல்தான். இரு மூலையிலும் 3.2 மி.மீ. விட்டத்தில் வட்டம் போட்டால் முட்டலும் தீரும், அழுத்தமும் பரவும். லேசரில் வெட்டுபவர்களும் கூர்மூலை விடாதீர்கள்.

பிட் ஒற்றைப் பல் ஓ-ஃப்ளூட் (பிளாஸ்டிக் வெட்டும் வகை). நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றினால், அதே நிமிடத்தில் 1,800 மி.மீ. நகர்த்தலாம். பயந்து மெதுவாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் ஒட்டும்.

லேசர் ஓரத்தை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், மயிரிழை வெடிப்பு வரும். சோப்புத் தண்ணீர் போதும்.