அப்பாவுக்கு இமை விழுந்துவிட்டது, இரவெல்லாம் கண்ணில் டார்ச் அடிக்கிறார்கள், ஏன்?

மழைக்கால_மகள் கேட்டது:

அப்பாவுக்கு 61 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வலது புருவத்துக்கு மேலே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், தைலம் தேய்த்துவிட்டேன். செவ்வாய் காலையில் எழுந்தபோது வலது இமை முழுவதுமாக மூடிக் கிடந்தது. தலையணையில் அழுந்தி வீங்கியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். வீக்கமே இல்லை. அவரால் இமையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் விரலால் தூக்கிப் பார்த்ததும் பயந்துவிட்டேன். கருவிழி வெளிப்பக்கமாகவும் சற்றுக் கீழாகவும் ஒதுங்கி நின்றது. "நீ ரெண்டு பேரா தெரியுறம்மா" என்றார். இமையை விட்டதும் மறுபடி ஒருத்தியாகிவிட்டேன்.

உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மூன்றாவது மூளை நரம்பு செயலிழந்திருக்கிறது, சர்க்கரையால் இருக்கலாம் என்றார்கள். தலைக்கு எம்.ஆர்.ஐ., ரத்தக்குழாய்களுக்குத் தனியாக சி.டி. ஆஞ்சியோ. இரவு முழுக்க செவிலியர் வந்து வந்து இமையைத் தூக்கி, டார்ச் அடித்து, ஏதோ எழுதிக்கொண்டு போனார். அப்பாவுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. இமை விழுந்ததற்கும் டார்ச்சுக்கும் என்ன சம்பந்தம்? சர்க்கரைதான் காரணம் என்றால் மூளையின் ரத்தக்குழாயை எதற்குப் படம் எடுக்க வேண்டும்? மருத்துவரிடம் கேட்டேன். "பாவை நல்லா இருக்கு, நல்ல விஷயம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பாவை என்றால் கருவிழியின் நடுவில் இருக்கும் கறுப்புத் துளை, அதுவரை தெரியும். அது நன்றாக இருப்பது ஏன் நல்ல விஷயம் என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

உடற்கூறு_டீச்சர்:

வணக்கம்மா. நான் உடற்கூறியல் துறையில் 26 ஆண்டுகள் பாடம் எடுத்தவள், சிகிச்சை தரும் மருத்துவர் அல்ல. ஆனால் இந்த நரம்பை மாணவர்களுக்குப் பிடித்துக் காட்டாத ஆண்டே கிடையாது.

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. 1778-இல் சோமரிங் என்ற ஜெர்மானியர் போட்ட வரிசைப்படிதான் இன்றும் எண்ணுகிறோம். அவற்றில் 3, 4, 6 ஆகிய மூன்றும் கண்ணை அசைப்பவை. ஆறாவது, கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் ஒரு தசைக்கு மட்டும். நான்காவது, கீழே பார்க்க உதவும் ஒரு சாய்ந்த தசைக்கு மட்டும். மீதி வேலை அத்தனையும் மூன்றாவதின் தலையில்தான், இமையைத் தூக்குவது உட்பட. அது ஓய்ந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் எதிர்த்து இழுக்க ஆளில்லை. கண் வெளியேயும் கீழேயும் போய் நின்றுவிடும். நீங்கள் விரலால் தூக்கிப் பார்த்தது அதைத்தான்.

இப்போது டார்ச்சுக்கு வருகிறேன். வெளிச்சம் பட்டால் பாவையைச் சுருக்குகிற இழைகளும் இதே நரம்பில்தான் வருகின்றன. ஒரு நூல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தசைகளுக்கும் இமைக்கும் போகிற நூல்கள் பெரும்பாலும் கட்டின் உள்ளே. பாவைக்கான நூல்கள் கட்டின் மேற்பரப்பை ஒட்டி. சர்க்கரை கெடுப்பது நரம்புக்குள்ளே ஓடுகிற நுண்ணிய ரத்தக்குழாய்களை. அதனால் நடுப்பகுதிதான் பட்டினி கிடக்கும். மேற்பரப்புக்கு நரம்பின் உறையிலிருந்து தனியாக ரத்தம் வருவதால் பாவை பெரும்பாலும் தப்பிவிடும்.

வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினால் கதை வேறு. முதலில் அடிபடுவது மேற்பரப்பு. பாவை அகலமாக விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும். அப்படி அழுத்துவது எது? இந்த நரம்பு மூளைத்தண்டை விட்டு வெளியே வந்ததும் இரண்டு தமனிகளுக்கு இடையில் நுழைந்து, பின் இணைப்புத் தமனி என்ற இன்னொரு குழாயை ஒட்டியே முன்னால் போகிறது. அந்தக் குழாய் கிளம்பும் இடத்தில் சிலருக்குச் சுவர் பலவீனப்பட்டு பலூன் மாதிரி புடைத்துக்கொள்ளும். அனியூரிசம் என்பார்கள். அது வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. ஆஞ்சியோ எடுப்பது அதைத் தேடித்தான். செவிலியர் திரும்பத் திரும்ப வருவதும் அதற்குத்தான். முதல் நாள் சரியாக இருக்கிற பாவை அடுத்த சில நாளில் விரியலாம்.

என் சித்திக்கு இமை லேசாக இறங்கியபோது வீட்டில் மூன்று நாள் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அந்தப் பக்கப் பாவை மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு. அன்று மாலையே அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துப் புடைப்பை கிளிப் போட்டு அடைத்தார்கள். பிழைத்துவிட்டார். அந்த மூன்று நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. அந்தச் செவிலியர் உங்கள் அப்பாவைத் தூங்கவிடாமல் செய்கிறாரே, அவரை நான் மனமாரக் கும்பிடுகிறேன்.

இரண்டாம்_பார்வை:

எனக்கு இதே கண், இதே நரம்பு, இதே சர்க்கரை. மூன்று வருடம் ஆகிறது. நீங்கள் ஒன்றுக்கு இப்போதே தயாராக இருங்கள். ஆறாவது வாரத்தில் என் இமை மெல்ல எழும்ப ஆரம்பித்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் நரகம். அதுவரை மூடியிருந்த இமை ஒரு கண்ணை மறைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது திறந்ததும் எல்லாம் இரண்டாகிவிட்டது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து நான் அழுததைப் பார்த்து என் மனைவி பயந்துபோனாள். உண்மையில் நரம்பு திரும்பி வருகிற அடையாளம்தான் அது. மூக்குக்கண்ணாடியின் அந்தப் பக்கத்தில் மங்கலான ஒட்டுப்பட்டையை ஒட்டச் சொன்னார்கள். கண்ணைக் கட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். 11-வது வாரத்தில் பட்டையைப் பிய்த்துப் போட்டேன்.

நரம்பு தேறும்வரை அப்பாவுக்கு ஒற்றைக் கண்தான் என்பதால் ஆழம் பிடிபடாது. டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவார், படியில் கால் தவறும். வண்டி ஓட்டவே விடாதீர்கள். சாவியை ஒளித்து வைத்தாலும் தப்பில்லை.

வார்டு_விழிப்பு:

டீச்சர் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன், நான் நரம்பியல் பிரிவில் வேலை செய்கிறேன். இமையும் கண் அசைவும் முழுதாக விழுந்து பாவை மட்டும் தப்பியிருந்தால்தான், காரணம் அழுத்தம் அல்ல, சர்க்கரை என்ற கணக்கை ஓரளவு நம்பலாம். பாதி விழுந்த நிலையில் பாவை நன்றாக இருப்பது எதையும் உறுதி செய்யாது. சர்க்கரையாலேயே பாவை லேசாகப் பெரிதாவதும் உண்டு. அதனால்தான் டார்ச்சோடு நிறுத்தாமல் படமும் எடுக்கிறோம்.

இன்னொன்று, அப்பாவின் வயதில் நெற்றிப்பொட்டில் வலி, தலை சீவும்போது தோல் நோவது, மெல்லும்போது தாடை வலி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். தமனி அழற்சி ஒன்று உண்டு, விட்டால் பார்வையையே பறித்துவிடும். ரத்தப் பரிசோதனையில் தொடங்கித் தேடுவார்கள், ஸ்டீராய்டை உடனே ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு, இதுவரை இல்லாத கடுமையான தலைவலி திடீரென்று வந்தாலோ பாவை பெரிதானாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உடற்கூறு_டீச்சர்:

ஆமாம், அந்தத் திருத்தம் அவசியம். நான் ரொம்ப எளிதாக்கிவிட்டேன். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அழுத்தத்தாலோ அடிபட்டோ இழைகள் அறுந்து வளரும்போது வழி மாறிப் போய்ச் சேரும். கீழே பார்த்தால் இமை தானாக மேலே ஏறும். சர்க்கரையால் வந்ததில் இப்படி நடப்பது மிக அரிது. பின்னால் எப்போதாவது அப்படிப் பார்த்தால் மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்கள்.

மழைக்கால_மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஆஞ்சியோவில் புடைப்பு எதுவும் இல்லை. தாடை வலியும் இல்லை என்கிறார், இரண்டு தடவை கேட்டுவிட்டேன். டீச்சர் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நேற்று ராத்திரி செவிலியர் வந்தபோது, அவர் தொடும் முன்பே அப்பாவே விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.